சுண்டுவிரல் கனம் கூடிய குழி

கோல்ஃப் மைதானத்தில் குழி வெட்டுவது என்பது, பந்தை உள்ளே தள்ளத் தெரியாத அத்தனை பேரும் சேர்ந்து திட்டுவதற்காக ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் உத்தியோகம். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து பதினெட்டு வருஷம் அதைப் பார்த்தேன். மேலே இருப்பவரின் கை நடுங்கியதற்கு நீங்கள் கைகட்டி நின்று பதில் சொன்னதுண்டா? அவர் தொலைத்த ஃபைலுக்காக நீங்கள் பீரோவுக்கு அடியில் தவழ்ந்ததுண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஆறுமுகம். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். வீடு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னால். மனைவி பகவதி அங்கேயே ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரித்தாள். நான் காலையில் ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் போய்ப் படகு ஏறி எதிர்த் தீவுக்குப் போவேன். அங்கே ஒன்பது குழிகள் உள்ள ஒரு மைதானம், ஒரு கிளப், வருஷத்துக்கு ஒரு கோப்பை. வெள்ளைக்காரர்கள் தொடங்கி வைத்துவிட்டுக் கப்பலேறிப் போன கோப்பை. அவர்கள் போன பிறகும் மலையிலிருந்து தேயிலைத் தோட்டக்காரர்களும், துறைமுகப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் ஒரு வருஷம்கூட விடாமல் வந்து அதற்காக மோதிக்கொண்டார்கள்.

குழியைத் தினமும் இடம் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். குழிவெட்டி என்பது கைப்பிடி வைத்த ஓர் இரும்புக் குழாய். அதைத் திருகி மண்ணில் இறக்கித் தூக்கினால் புல்லோடு சேர்ந்து ஒரு மண்கட்டி வரும். அந்தக் கட்டியைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் வைத்து அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். புதுக் குழிக்குள் ஒரு டப்பாவை இறக்கிக் கொடியை நட்டுவிட்டால் வேலை முடிந்தது. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். உலகம் பூராவும் அதுதான் சட்டம். இந்த நாலேகாலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் கோபம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

முட்டி போட்டு அளந்தது

நான் சேர்ந்த முதல் வருஷக் கோப்பை. மலையிலிருந்து வந்த ஒரு தோட்டத்துரை, குழிக்கு இரண்டு சாண் தூரத்தில் கிடந்த பந்தைத் தட்டினார். பந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு வலப்பக்கம் போய் நின்றது. துரை மட்டையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். குழி சின்னது என்றார். ஸ்கேல் வரவழைத்து, ஐம்பது பேர் பார்க்க என்னை முட்டி போட வைத்து அளக்கச் சொன்னார். காலையில் தண்ணீர் தெளித்த புல். என் வேட்டி முழங்காலில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

அளந்தேன். நாலேகால், ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஸ்கேலை அவர் முகத்துக்கு நேராகவே பிடித்துக் காட்டினேன். எஸ்டேட்டில் கூலிகளோடு பேசிப் பழகிய தமிழில் அவர் சொன்னார்: "அளவு சரிதான். ஆனா எனக்குச் சின்னதாத் தெரியுதே, அதுக்கு என்ன சொல்ற?"

ரொசாரியோ வந்த வருஷம்

கிளப்புக்குள் நுழைந்ததும் ஒரு தேக்குப் பலகை இருக்கும். அதில் ஒரே ஒரு பெயர்தான் தங்க எழுத்தில் இருக்கும். ஒன்பது குழியையும் இரண்டு சுற்று ஆடும் ஒரு நாள் ஆட்டத்தில் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரின் பெயர். கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் பெருமை. அதோடு ஒரு வழக்கமும் உண்டு. பலகையில் பெயர் இருக்கும்வரை அந்த ஆள் மெம்பராக இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் கோப்பையில் ஆடலாம், முதல் பந்தும் அவருக்குத்தான். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

ரொசாரியோ துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வீடு ஃபோர்ட்கொச்சியில். அவருடைய கம்பெனிக்கு வருஷத்துக்கு ஓர் ஆளை ஆட அனுப்பும் உரிமை இருந்தது. மானேஜருக்குக் காய்ச்சல் வந்ததால் அந்த முறை இவரை அனுப்பினார்கள். நகத்தில் கிரீஸ் கறையோடு வந்தார். மற்றவர்கள் சாயா குடிக்கக் கூப்பிடக்கூட இல்லை. மனுஷன் அறுபத்தெட்டு அடியில் முடித்தார். பலகையில் வெள்ளைக்காரன் பெயரைச் சுரண்டிவிட்டு இவர் பெயரை எழுதினார்கள். கிளப்புக்குள் கைதட்டல் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

போகும்போது கடைசிக் குழியருகே கொடியோடு நின்ற என்னிடம் வந்தார். பதினெட்டு வருஷத்தில் என் குழியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் அவர் ஒருத்தர்தான். "ஆறுமுகா, நல்ல நேரா வெட்டியிருக்கடா. பந்து சம்மதம் கேட்டுட்டு உள்ள போகுது."

மூசாக்காவின் டப்பா

ஐந்து வருஷம் கழித்து, கோப்பைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழிவெட்டி உடைந்தது. சீமையிலிருந்து வந்த இரும்பு. வாய்ப்பக்கம் துருப்பிடித்து இரண்டாகப் பிளந்துவிட்டது. உப்புக் காற்றில் டப்பாக்களும் ஓட்டையாகிக் கிடந்தன. புதிதாக வாங்க வேண்டுமென்று கிளப் செக்ரட்டரியிடம் போய் நின்றேன். இறக்குமதி லைசென்ஸ், டெல்லி, ஆறு மாசம் என்று ஏதேதோ சொல்லிவிட்டு, மட்டாஞ்சேரியிலேயே எங்கேயாவது அடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

எங்கள் தெருமுனையில் மூசாக்காவின், அதாவது மூசா அண்ணனின், இரும்புப் பட்டறை இருந்தது. கிடங்குகளுக்கு மூட்டைக் கொக்கியும் படகுகளுக்கு ஆணியும் அடிப்பவர். வேலையில் சுத்தமான மனுஷன், குறை சொல்லமாட்டேன். பிளந்த குழிவெட்டியை வைத்து அளவெடுக்க முடியாது என்று பழைய டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கினார். டப்பா உள்ளே போக வேண்டுமே என்று குழாயைக் கொஞ்சம் அகலமாக அடித்தார். பிறகு எண்ணெய் டின் தகட்டில் புது டப்பாக்கள் செய்தார். குழியில் ஆடக் கூடாதே என்று அவற்றைக் குழாயின் அளவுக்கே செய்தார். டப்பாவுக்காகக் குழாய், குழாய்க்காக டப்பா. ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் ஏறியது. சரியாக இருக்குமா இக்கா என்று கேட்டேன். துருத்தியை மிதித்துக்கொண்டே சொன்னார்: "பந்து உள்ள போகணும், அவ்வளவுதானே உள்ளு? போகும், தைரியமா எடுத்துட்டுப் போ."

பொருந்தாத மண்

மறுநாள் காலை முதல் குழியை வெட்டினேன். மண்கட்டி அழகாக வந்தது. கொண்டுபோய் நேற்றைய குழியில் வைத்தால் இறங்கவில்லை. அழுத்தினேன், மிதித்தேன், திருப்பி வைத்துப் பார்த்தேன். புட்டுக் குழாயில் தேங்காயைத் திணித்த மாதிரி பிதுங்கி நின்றது. கத்தியால் சுற்றிலும் சீவித்தான் அடைத்தேன். பழைய குழிவெட்டியின் உடைந்த வளையத்தை எடுத்துப் புதுக் குழிக்குள் விட்டுப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. சந்தில் என் சுண்டுவிரல் போனது.

ஸ்கேலே தேவையில்லை. இதால் வெட்டினால் ஒன்பது குழியும் சட்டத்துக்கு விரோதம். கோப்பைக்கு மூன்று நாள் இருந்தது. ஓடினேன். செக்ரட்டரி வராந்தாவில் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீவிய மண்ணைக் கையில் அள்ளிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மூசாக்காவிடம் திருப்பிக் கொடுத்தால் இரண்டு நாளில் சரியாக்கிவிடுவார் என்றும் சொன்னேன். அவர் மண்ணைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பில் விழுந்துவிடப் போகிறதே என்றுதான் பார்த்தார். அப்போது நான் தற்காலிக ஆள். இன்றைக்கு வராதே என்றால் அதோடு முடிந்தது. எங்களுக்கு மூன்று பிள்ளைகள், பகவதிக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. அதனால் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். "எடோ, நின்னெ வெச்சிரிக்குன்னது குழி வெட்டத்தான். அளக்க அல்ல."

நண்டு

அதே வாரம் பயிற்சி ஆட்டத்தில் நடந்தது. ஏலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் என்ஜினியர், பந்தை எடுக்கக் குழிக்குள் கையை விட்டுவிட்டு அலறினார். கடல் தண்ணீர் ஏறும் வேலியேற்றத்தில் தீவு முழுக்க நண்டு ஊரும். ஒன்று டப்பாவுக்குள் குடியேறியிருந்தது. விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. நான்தான் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். குழி ஒரு சுண்டுவிரல் பெரிதாகியிருக்கிறது, அவர் பந்து அதனால்தான் அன்றைக்கு உள்ளேயே போனது. அதையெல்லாம் அந்தப் படித்த மனுஷர் கவனித்தாரா? விரலை உதறிக்கொண்டே கூட வந்தவரிடம் என்னைக் காட்டினார். "குழியையும் சின்னதாக்கி, உள்ள நண்டையும் வெச்சிருக்கான்!"

அறுபத்தேழு

தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியின் மானேஜர் சாக்கோ சார். கிளப்பின் வருங்காலத் தலைவர் என்று அப்போதே பேச்சு. ஆட்டம் சுமார், குரல் பெரிது. அந்த வருஷம் ரொசாரியோவுக்கு முதுகுப் பிடிப்பு, நிமிரவே முடியாமல் ஆடினார். சாக்கோ சார் என்னவோ ஒரு வேகத்தில் இருந்தார். நான் கொடி பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நாலாவது குழியில் அவர் தட்டிய பந்து விளிம்பில் தயங்கி, வெளியே நிற்க வேண்டியது உள்ளே விழுந்தது. ஏழாவதில் ஒன்று. கடைசியில் ஒன்று. மூன்றும் அந்தச் சுண்டுவிரல் இடத்தில்தான் விழுந்தன. என் கண்ணால் பார்த்தேன். மொத்தம் அறுபத்தேழு. பலகையில் இருந்த ரொசாரியோவின் அறுபத்தெட்டைவிட ஒரே ஓர் அடி குறைவு.

மறு வாரம் பலகையில் ரொசாரியோவின் பெயரைச் சுரண்டினார்கள். பெயின்டர் மேலே நின்று சுரண்ட, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தங்கத் தூள் என் தலையில் உதிர்ந்தது. ஏணியை ஓர் ஆட்டு ஆட்டலாமா என்றுகூடத் தோன்றியது. பெயின்டர் என்ன பாவம் செய்தான்? ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்த சாக்கோ சார் என் முதுகில் தட்டிச் சொன்னார்: "ஆறுமுகம், குழி கொஞ்சம் பெரிசா இருந்திருந்தா நான் அறுபத்தஞ்சுல முடிச்சிருப்பேன், அல்லே?"

ஜெட்டி

அடுத்த வருஷக் கோப்பைக் காலை. தீவு ஜெட்டியில் விருந்தாளிகளின் பைகளை இறக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். ரொசாரியோ மட்டைப் பையோடு படகிலிருந்து இறங்கினார். அவருடைய கம்பெனி மானேஜருக்கு இந்த முறை காய்ச்சல் இல்லை. பலகையிலும் பெயர் இல்லை. லிஸ்டில் நீங்கள் இல்லை என்று வாட்ச்மேன் சொன்னான். பழக்கதோஷத்தில் வந்துவிட்டேன் என்று ரொசாரியோ சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு எட்டுகூட இல்லை. சேட்டா, நில்லுங்கள், உங்களை யாரும் ஜெயிக்கவில்லை, குழிதான் பெரிது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பின்னால் செக்ரட்டரி நின்றார். நான் குனிந்து ஒரு பையைத் தூக்கினேன். ரொசாரியோ அதே படகில் திரும்பி ஏறிக்கொண்டே சொன்னார்: "வெயில் ஏறுதுடா ஆறுமுகா. நீ போய்ப் புல்லுக்குத் தண்ணி விடு."

வீட்டில்

இதைப் பகவதியிடம் சொன்னேன். அவள் வாயிலிருந்து ஆறுதலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். செக்ரட்டரியைத் திட்டுவாள், சாக்கோவைத் திட்டுவாள், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்தேன். அவள் கப்பைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவுமில்லை. "அந்த மனுஷன் பேரைச் சொரண்டுனது சாக்கோவும் இல்ல, பெயின்டரும் இல்ல. ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்ன ஆளு."

மலருக்குச் சொன்ன சரித்திரம்

வருஷங்கள் ஓடின. எண்பதுகளில் பாதி தாண்டியது. கோப்பைக்கு விழா எடுத்து மலர் போடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. அதில் கோப்பையின் சரித்திரம் வர வேண்டும். ஸ்டோர் ரூமில் ஒரு மழைக்காலம் காயல் தண்ணீர் ஏறிப் பழைய ரிஜிஸ்டர்கள் எல்லாம் கூழாகியிருந்தன. யார் எந்த வருஷம் ஜெயித்தார், எந்தக் குழியில் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் கிளப்பில் ஒருத்தன்தான் மிச்சம். அளப்பதற்கு உன்னை வைக்கவில்லை என்ற அதே செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா சொன்னதைச் சொன்னபடி அடிப்பவர். மூன்று நாள் வருஷவாரியாகச் சொன்னேன். குழிவெட்டி உடைந்த வருஷத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். பிறகு வேண்டுமென்றேதான் சொன்னேன்: இந்த வருஷம் முதல் குழி பெரிது, இதற்குப் பிறகு வந்த ஸ்கோர் எதுவும் செல்லாது, ரொசாரியோவின் அறுபத்தெட்டுத்தான் நிஜமான ரெக்கார்டு. அந்த அம்மா அதையும் அடித்தார். செக்ரட்டரி எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் அப்படியே போட்டுக் கமிட்டியில் எல்லோருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை என்னை உலுக்கிக் கேட்டார்: "எந்தாடோ நீ இது எழுதி வெச்சிரிக்குன்னது? சரித்திரம் கேட்டா சரித்திரம் மட்டும் பறஞ்ஞா போதாதா?"

கமிட்டி

மூசாக்காவின் குழிவெட்டியையும் பழைய உடைந்த வளையத்தையும் சாக்கில் போட்டுக்கொண்டு கமிட்டி முன்னால் போனேன். நல்ல மேஜை. அதன்மேல் இரண்டையும் வைத்து ஒன்றை மற்றொன்றுக்குள் விட்டு ஆட்டிக் காட்டினேன். லொடலொட. பத்துப் பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நடுவில் தலைவர் சாக்கோ சார். முகம் கருத்துவிட்டது. என் கவனக்குறைவால் அளவு தவறிய குழிகளை இத்தனை வருஷம் வெட்டினேன் என்று ஒரு கடிதம் டைப் அடித்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் வேலையை விட்டு நீக்குவதற்கு அது போதும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தைக் கிழித்திருப்பேன். அப்புறம்தான் வாசகத்தை இன்னொரு தரம் படித்தேன். எனக்கு வேண்டியதை அவர்களே எழுதித் தந்திருந்தார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "இத அப்படியே நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க சார். குழி தப்புன்னா ஸ்கோரும் தப்பு. சட்டப்படி அத அடிச்சிட்டு ரொசாரியோ பேரத் திரும்ப எழுதுங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன். அவ்வளவு சத்தமாக அந்த அறையில் நான் பேசியதே இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழ டாக்டர் மட்டும் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். என்னைத் தண்டித்தால் அறுபத்தேழு போய்விடும். அறுபத்தேழைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. சாக்கோ சார் கடிதத்தை மெதுவாக எடுத்தார், மடித்தார், நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ரொம்பக் கனிவான குரலில் கமிட்டியைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷம் வேலை செய்ற ஆளை இன்னும் டெம்பரரியா வெச்சிருக்கிறது நம்ம கிளப்புக்கு மோசம் அல்லே?"

புதுக் குழிவெட்டி

பெர்மனன்ட் ஆர்டரை நான் வாங்கிக்கொண்டேன். மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாங்கிக்கொண்டேன், வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் வைத்தேன். உங்களில் யாராவது எறிந்திருப்பீர்கள் என்றால் எழுந்து என்னை ஓர் அறை விடலாம், தாராளமாக.

அடுத்த மாதமே ஒரு கமிட்டிக்காரர் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துப் புதுக் குழிவெட்டி கொண்டுவந்துவிட்டார். லைசென்ஸும் டெல்லியும் எங்கே போயினவோ. சரியாக நாலேகால். மலரும் வந்தது. முதல் பக்கத்தில் சாக்கோ சாரின் படம், கீழே அறுபத்தேழு. குழி பெரிது என்று நான் சொன்னது மட்டும் வெட்டப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழி சரியான அளவுக்குத் திரும்பியதும் அறுபத்தேழை யாராலும் நெருங்கவே முடியவில்லை. நான் வாயைத் திறந்ததால் சாக்கோவின் ரெக்கார்டு நிரந்தரமாகிவிட்டது. ஓர் இளம் கடற்படை அதிகாரி எழுபத்தொன்றில் முடித்துவிட்டு, பலகையை அண்ணாந்து பார்த்து என்னிடம் சொன்னார்: "சாக்கோ சார் காலத்து ஆட்டமே வேற, அல்லே சேட்டா?"

ஃபோர்ட்கொச்சியில் ஒரு வீடு

அந்தப் பேச்சைக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை, கிழித்துப்போட்ட கடிதத்தை நானே மறுபடி எழுதினேன். தமிழ் எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும், அதனால் மலையாளத்தில். குழிவெட்டி உடைந்த கதை, சுண்டுவிரல் இடைவெளி, விளிம்பில் விழுந்த மூன்று பந்து, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபோர்ட்கொச்சிக்குக் கொண்டுபோனேன். ரொசாரியோ ரிட்டயராகியிருந்தார். முன்னறையில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து உள்ளே சாயாவுக்குச் சொன்னார். கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பலகையில் இல்லாவிட்டாலும் கையில் ஒரு காகிதம் இருக்கிறதே என்பார் என்று படகில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனுஷருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். குரல் ஏறவில்லை, கடிதத்தை மடித்து ஃபேன் இறக்கைக்கு அடியில் வைத்தார். அன்று ஜெட்டியிலாவது நான் சொல்லியிருக்கக்கூடாதா என்று அவர் கேட்பார், அதற்குப் பிள்ளைகளையும் மழைக்காலத்தையும் பதிலாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "சாக்கோ என்னை ஜெயிச்சான்னு நம்பி, இனி நமக்கு ஆட்டம் வராதுன்னு நான் மட்டையெல்லாம் வித்துட்டேன்டா ஆறுமுகா."

சாயா வருவதற்குள் எழுந்து வந்துவிட்ட நான் இந்தக் கோப்பையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், கத்தியவர்களுக்குக் கோப்பை கிடைத்தது, ஆடியவருக்குத் திரும்பிப் போகப் படகு கிடைத்தது, வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு வேலை நிரந்தரமானது.